திருகு இருந்தால் போலியா? சாட்டிர் மைக்கூடு பற்றி

பதுவைப்பித்தன்:
சாட்டிர் (கிரேக்கப் புராணத்தில் வரும் கொம்பும் ஆட்டுக்காலும் கொண்ட மனித உருவம்) வடிவிலான பழைய இத்தாலிய வெண்கல மைக்கூடுகளைப் பற்றி, ‘அடியில் திருகுமரை தெரிந்தால் அது 19ஆம் நூற்றாண்டு நகல், யோசிக்காமல் தள்ளிவிடுங்கள்’ என்று பழம்பொருள் ரசிகை வேறோர் இழையில் தீர்ப்பு வழங்கியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. 1500களின் தொடக்கத்தில் இத்தாலியின் ராவென்னா நகரில் பட்டறை நடத்திய சிற்பி செவெரோ, ஆட்டுக்கால் சாட்டிரைத் தனியாகவும் மைக்கிண்ணத்தையும் மெழுகுவத்திக் குழலையும் தனித்தனியாகவும் வார்த்துத் திருகிப் பூட்டினார். திருகுதான் அந்தப் பட்டறையின் அடையாளமே.

பழம்பொருள் ரசிகை:
ஏலக்கூடங்களில் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நீங்கள் படம் பார்த்து எழுதுகிறீர்கள். பாரிஸில் 1838இல் வெண்கல வார்ப்புத் தொழிலதிபர் பார்பெதியெனும் சிலையைச் சிறிதாக்கும் இயந்திரம் கண்டுபிடித்த கொலாஸும் கூட்டுச் சேர்ந்து, பெரிய சிலைகளை இயந்திரத்தால் சிறிதாக்கி வீட்டு அலங்காரத்துக்கு விற்றார்கள். மணல் வார்ப்பு, துண்டுகளைத் திருகிச் சேர்ப்பது எல்லாம் அந்தக் காலத்து வழக்கம். திருகு என்றால் தொழிற்சாலை.

பதுவைப்பித்தன்:
அந்தத் தொழிற்சாலைக்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே திருகு வந்துவிட்டது என்கிறேன், கேட்கவே மாட்டேன் என்கிறீர்கள். சிலையின் உட்புறம் வெற்றிடமாக அமைய அச்சுக்குள் வைக்கும் உள்மண் நகராமல் பிடித்த ஊசிகளை உருவியபின் துளை விழும். அந்தத் துளைகளைக்கூட மரையிட்ட வெண்கல முளையால்தான் செவெரோ பட்டறை அடைத்தது. சிலையின் முதுகைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள், சிறு வட்டங்களாகத் தெரியும். கையில் எடுத்தவருக்கு அது கண்ணில் படவில்லையா?

கும்பகோணத்தான்:
திருகு இருந்தாலே மட்டம்தான். சுவாமிமலையில் மெழுகு உருவத்தைக் காவிரி வண்டலால் பொதிந்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகம் ஊற்றி, அச்சை உடைத்து எடுக்கிறார்கள். ஓர் அச்சுக்கு ஒரு சிலை. அதுதான் அசல்.

பழம்பொருள் ரசிகை:
இங்கே சுவாமிமலையை யார் கேட்டார்கள்?

கும்பகோணத்தான்:
ஏன், இத்தாலி என்றால்தான் உங்களுக்குக் கலையா? உங்கள் மேசையில் குளம்புக்கால் பொம்மை உட்காரலாம், எங்கள் ஊர்ப் பெயர் மட்டும் வரக் கூடாதா?

பதுவைப்பித்தன்:
கும்பகோணத்தாரே, சுவாமிமலையை வணங்குகிறேன். ஆனால் ‘ஓர் அச்சு, ஒரு சிலை’ என்ற அளவுகோல் இங்கே செல்லாது. செவெரோ காலத்திலேயே இத்தாலியின் மந்துவா நகரில் சிற்பி அந்திகோ மூல மாதிரியைக் காப்பாற்றி வைத்துக்கொண்டு, அதிலிருந்து திரும்பவும் வார்த்தார். 1519இல் மந்துவா அரசகுடும்பத்து இசபெல்லா தெஸ்தேவுக்கு அப்படித்தான் வார்த்துத் தருவதாகக் கடிதமும் எழுதினார். அவரையும் போலி என்பீர்களா?

அமைதி விரும்பி:
‘அசல்’ என்றால் என்ன? சிற்பியே செய்ததா, பட்டறையில் செய்ததா, அந்தக் காலத்ததா? முதலில் அதை வரையறுத்துக்கொள்வோமே.

பழம்பொருள் ரசிகை:
வரையறை எதற்கு? திருகு இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான். இத்தாலியின் பதுவை (படுவா) நகரத்துச் சிற்பி ரிச்சோவின் சாட்டிர்களில் எத்தனை திருகு பார்த்தீர்கள்?

பதுவைப்பித்தன்:
நான் செவெரோ என்றால் நீங்கள் ரிச்சோவுக்குத் தாவுகிறீர்கள். வெண்கலத்தின் கருமெருகு பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் பாதியில் நழுவினீர்கள். மறக்கவில்லை.

அந்தோனியார் அடியான்:
பதுவை எங்கள் புனித அந்தோனியாரின் ஊர். அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு கொம்பு முளைத்த உருவங்களைக் கொண்டாடுவது மனத்தை உறுத்துகிறது.

பதுவைப்பித்தன்:
ஐயா, அந்தோனியார் பசிலிக்காவுக்குள்ளேயே போய்ப் பாருங்கள். 1507 முதல் 1516 வரை ரிச்சோ செய்த பாஸ்கா (உயிர்ப்புப் பெருவிழா) மெழுகுவத்தித் தண்டு, ஏறக்குறைய நான்கு மீட்டர் உயரம். கிறிஸ்துவின் வாழ்க்கைக் காட்சிகளோடு சாட்டிர்களும் அதில் இருக்கிறார்கள். பீடத்தருகே வைத்தவர்களுக்கு உறுத்தவில்லை.

அந்தோனியார் அடியான்:
வைத்தார்கள் என்பதால் சரியாகிவிடுமா?

பழம்பொருள் ரசிகை:
அந்தத் தண்டிலும் திருகு இருக்கிறது என்பாரோ?

பதுவைப்பித்தன்:
பேச்சைத் திருப்பாதீர்கள், அம்மணி. செவெரோவின் மரையிட்ட முளைக்குப் பதில் சொல்லுங்கள்.

பழம்பொருள் ரசிகை:
சொல்லிவிட்டேன். திருகு என்றால் தொழிற்சாலை.