ஆங்கிலம் கற்பிக்கப் போன தம்பதிகள்: ஓர் அனுபவப் பகிர்வு

பாளையங்கோட்டை ஆசிரியை (தாய்லாந்து, 2017 முதல் 2020 வரை)

நானும் என் கணவரும் 2017 மே மாதம் தாய்லாந்தின் தென்பகுதியிலுள்ள நகோன் சி தம்மராத் என்ற ஊருக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போனோம். அந்தப் பெயரைப் பிரித்துப் பார்த்தால் நகரம், ஸ்ரீ, தர்மராஜன் என்று மூன்றும் நமக்குத் தெரிந்த சொற்கள்தாம். அங்கே ஆசிரியரைக் 'க்ரூ' என்கிறார்கள். அது நம் குரு. தொடக்கப் பள்ளி வகுப்புகள் 'ப்ரதொம்', அதற்கு மேற்பட்டவை 'மத்தயொம்'. விமானத்தில் இவற்றையெல்லாம் படித்துவிட்டு, பாதி மொழி வந்துவிட்டது என்று இருவரும் நம்பிக்கொண்டிருந்தோம். ஊரில் இறங்கிய பிறகு ஒரு தண்ணீர்ப் பாட்டில் வாங்குவதற்குக்கூட அந்தப் பாதி உதவவில்லை.

வேலை கிடைத்த கதையைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் விளங்காது. தாய்லாந்துப் பள்ளிகளின் விளம்பரங்களில் 'நேட்டிவ் ஸ்பீக்கர்', அதாவது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர், என்ற சொல் தவறாமல் இருக்கும். பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களையே அந்தச் சொல் பொதுவாகக் குறிக்கிறது. நம்மைப் போன்றவர்கள் ஆங்கிலத் தேர்ச்சியை அளக்கும் டோயிக் தேர்வில் 990 மதிப்பெண்ணுக்கு 600 ஆவது பெற்றுக் காட்ட வேண்டும். நான் 945 பெற்றிருந்தேன்; என் கணவர் 930. ஆட்களைப் பிடித்துக் கொடுக்கும் முகவர் தொலைபேசியில் பேசியபோது மிகவும் மகிழ்ந்தார். காணொளி அழைப்பில் எங்கள் முகங்களைப் பார்த்ததும் அவருடைய குரல் இறங்கிவிட்டது. பெற்றோரின் எதிர்பார்ப்பு வேறு மாதிரி என்று அவர் தயங்கித் தயங்கிச் சொன்னதை இன்று நினைத்தாலும் எனக்குக் கோபத்தைவிடச் சிரிப்புதான் முந்திக்கொண்டு வருகிறது. முடிவில் எங்களுக்கு ஆளுக்கு 22,000 பாட் சம்பளம் என்று பேசி முடித்தார்கள். அதே பள்ளியில் அதே வகுப்புகளை எடுத்த ஓர் ஆங்கிலேய இளைஞருக்கு 35,000. அவர் நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் 'பிரசன்ட் பெர்ஃபெக்ட்' என்றால் என்னவென்று பாடத்திற்கு முந்தைய நாள் மாலையில் என் கணவரிடம்தான் வந்து கேட்டுத் தெரிந்துகொள்வார்.

நாங்கள் போனபோது அந்நாட்டின் அரசர் பூமிபோல் மறைந்து ஓராண்டு ஆகியிருக்கவில்லை. அவர் 2016 அக்டோபர் 13 அன்று காலமானார். உடல் எரியூட்டப்பட்டது 2017 அக்டோபர் 26 அன்றுதான். இடைப்பட்ட காலம் முழுவதும் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் கறுப்பு அணிந்தார்கள். எனக்குத் திருமணமாகி அப்போது நான்கு மாதங்கள்; பெட்டி நிறையப் பட்டும் மஞ்சளும் சிவப்புமாகத்தான் கொண்டு போயிருந்தேன். முதல் வார இறுதியில் காணொளியில் என்னைப் பார்த்த அம்மா, 'தாலிக் கயிற்றில் மஞ்சள் கூட உலரவில்லை, அதற்குள் கறுப்பா?' என்று கேட்டுவிட்டு அழுதார். அரசருக்காக ஊரே உடுத்துகிறது என்று எவ்வளவு விளக்கியும் அவருக்கு மனம் ஆறவில்லை. அதன் பிறகு அம்மாவிடம் பேசுவதற்கென்றே ஒரு மஞ்சள் சுடிதாரைக் கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டிருந்தேன்.

ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை 'வாய் க்ரூ' என்ற ஆசிரியர் வணக்க விழா நடந்தது. மாணவர்கள் முழங்காலில் நகர்ந்து வந்து, தங்கள் கையால் செய்த பூத்தட்டை ஆசிரியரிடம் கொடுத்து வணங்குகிறார்கள். என் மடிக்கு வந்த தட்டை உற்றுப் பார்த்தேன். நாங்கள் இட்லிப்பூ என்று சொல்லும் வெட்சிப்பூ. ஒரு கொத்து அறுகம்புல். நடுவே காம்போடு ஒரு கத்தரிப்பூ. வெட்சியின் மொட்டு ஊசி போல இருப்பதால் அது கூர்மையான அறிவுக்காம். அறுகு வெட்ட வெட்டத் தழைப்பதால் அது விடாமுயற்சி. கத்தரிப்பூ தலை கவிழ்ந்தே பூப்பதால் அது பணிவு. பிள்ளையாருக்கு அறுகம்புல் சாத்தி வளர்ந்த எனக்கு, அந்தப் புல்லை யாரோ ஒரு குழந்தை என் கையில் வைத்ததும் என்ன செய்வதென்றே தெரியவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த ஆங்கிலேய இளைஞர், இதைச் சாப்பிட வேண்டுமா என்று என்னிடம் மெல்லக் கேட்டார்.

வகுப்பில் நாற்பத்தெட்டுப் பேர். தாய்லாந்து மொழியில் எந்தச் சொல்லும் லகர ஒலியிலோ சகர ஒலியிலோ முடிவதில்லை. ஆகவே 'ஹோட்டல்' அவர்கள் வாயில் 'ஹோத்தேன்' ஆகிறது, 'ஃபுட்பால்' 'ஃபுத்பொன்' ஆகிறது. 'ஸ்கூல்' என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பக்கமும் இடி விழுகிறது: தொடக்கத்தில் ஓர் அகரம் நுழைந்து, இறுதி லகரம் னகரமாகி, 'சகூன்' என்று வெளிவருகிறது. இதைக் கேட்டு என் ஆங்கிலேய சக ஆசிரியர் தலையில் கை வைத்தார். எனக்கு அது புதிதாகவே படவில்லை. 'இஸ்கூல்' என்று சொன்ன பாட்டியோடு வளர்ந்தவள் நான். பாட்டிக்கு இகரம் தேவைப்பட்டது, இவர்களுக்கு அகரம். நாக்கு எங்கே தடுக்குகிறது என்பது தெரிந்தால் அதைத் திருத்துவது பாதி எளிதாகிவிடும். வேறொரு மொழியின் வழியாக ஆங்கிலத்துக்குள் போனவர்களுக்கு அது தெரியும் என்பதை அந்த முகவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

வெள்ளையரை அங்கே 'ஃபராங்' என்பார்கள். நம்மை 'கேக்' என்பார்கள். தின்னும் கேக் போலவே ஒலிக்கும் அந்தச் சொல்லுக்கு விருந்தினர் என்றும் பொருள் உண்டு. பழந்தமிழில் விருந்து என்றால் புதிதாக வந்தவர் என்பதுதானே பொருள் என்று சொல்லி என் கணவர் ஆறுதல் அடைந்தார். சொல்லுகிறவரின் முகத்தைப் பார்த்துத்தான் அது விருந்தா ஏளனமா என்று தெரிந்துகொள்ள முடியும் என்பது என் கட்சி. பாங்காக்கில் சீலோம் சாலையில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலுக்கும் ஊர் வழக்கில் 'வாட் கேக்' என்றுதான் பெயர். ஆனால் அங்கே சாமந்தி மாலையோடு வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்து மக்களே.

பள்ளி வாயிலில் ஒரு பெரிய பதாகை வைத்திருந்தார்கள். வெளிநாட்டு ஆசிரியர்கள் கற்பிக்கும் பள்ளி என்ற வாசகத்தோடு அந்த ஆங்கிலேய இளைஞரின் படம் மட்டும் அதில் இருந்தது. அவர் 2018 மார்ச்சில் பள்ளியாண்டு முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிட்டார். பதாகை அடுத்த ஆண்டு முழுவதும் அங்கேயே இருந்து, வெயிலில் அவரை மேலும் வெளுக்க வைத்தது. தினமும் காலை எட்டு மணிக் கொடியேற்றத்திற்கு அதைக் கடந்துதான் இருவரும் உள்ளே போவோம்.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. நான் சைவம். 'மங்சவிரத்' என்றால் சைவ உணவு என்று அகராதி சொல்கிறது. மாமிசத்தைத் தவிர்த்தல் என்று பொருள். கடைக்காரர்கள் அதைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு, இறைச்சித் துண்டுகளை மட்டும் கரண்டியால் எடுத்து அப்புறம் வைத்துவிட்டுக் குழம்பைக் கொடுப்பார்கள். மீன் சாறு அவர்களுக்கு நம் உப்பைப் போல. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில், கண்டிப்பான சைவத்தைக் குறிக்கும் 'ஜே' என்று எழுதிய கடையைக் கண்டால்தான் நிம்மதி; ஆனால் அங்கே பூண்டும் வெங்காயமும் இராது.

கடைசியாக வீட்டுக்காரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கீழ்த்தளத்தில் இருந்தார். காலையில் எங்களைப் பார்த்தால், 'கின் காவ் ரு யாங்?' என்று கேட்பார். சோறு தின்றாயிற்றா என்று பொருள், பதில் தேவையில்லை. ஒருநாள் இரவு, ஊரிலிருந்து வந்த பொட்டலத்தில் சாம்பார்ப் பொடி நனைந்து கட்டியாகிவிட்டதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். கதவு தட்டப்பட்டது. ஒரு தட்டில் கொய்யாத் துண்டுகளோடு வீட்டுக்காரம்மா நின்றிருந்தார். 'ஜய் யென் யென்' என்றார் என் கணவரைப் பார்த்து. உள்ளம் குளிர்ந்திருக்கட்டும் என்று அர்த்தம். பிறகு என் கையைப் பிடித்து, நீ வேண்டுமானால் இன்றிரவு கீழே வந்து படுத்துக்கொள் என்று சைகையால் காட்டினார். நாங்கள் சண்டை போடவில்லை, தமிழில் பேசினோம், அவ்வளவுதான் என்பதை அவரிடம் நிறுவ எனக்குக் கிட்டத்தட்ட ஓராண்டு ஆனது. அதுவரை தெருவில் என் கணவரை அவர் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

மதுரையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் (எத்தியோப்பியா, 1982 முதல் 1988 வரை)

மேலே எழுதிய சகோதரியின் அனுபவத்திற்கு நேர்மாறான ஒன்று எங்களுடையது. நானும் என் மனைவியும் காப்பி விளையும் ஜிம்மா நகரில் அரசுப் பள்ளியில் பணிபுரிந்தோம். அந்தக் காலத்தில் அங்கே ஏழாம் வகுப்பு முதல் எல்லாப் பாடங்களும் ஆங்கிலத்தில்தான். பேரரசர் ஹைலி செலாசி காலம் தொட்டே இந்திய ஆசிரியர்கள் ஊர் ஊராகப் போய்க் கற்பித்திருந்தார்கள். ஆகவே அங்கே ஆங்கில ஆசிரியரின் முகம் என்றாலே அது இந்திய முகம்தான். எங்கள் சந்தையில் நாங்கள் இருவரும் வெங்காய விலையைப் பற்றித் தமிழில் பேசுவதைக் கேட்ட ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், மறுநாள் வகுப்பில் எழுந்து, யாரும் இல்லாதபோது நீங்கள் ஏன் ஆங்கிலம் பேசுவதில்லை என்று கேட்டான். வகுப்பே என் பதிலுக்காகக் காத்திருந்தது. ஆங்கிலம் எங்களுக்கும் பள்ளியில் கற்ற மொழிதான் என்று சொன்னபோது அவர்கள் முகத்தில் தெரிந்தது ஏமாற்றமா நம்பிக்கையா என்று இன்றுவரை எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

போன புதிதில் நேர்ந்த ஒரு சங்கடத்தைச் சொல்கிறேன். எத்தியோப்பியர்களின் கடிகாரம் சூரிய உதயத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறது. நம்முடைய காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. பள்ளி எழுத்தர் தம் வீட்டில் எட்டு மணிக்குக் காப்பி என்று அழைத்தார். நாங்கள் குளித்து, உடுத்து, கையில் ஒரு பிஸ்கட் பொட்டலத்தோடு இரவு எட்டு மணிக்குப் போய் நின்றோம். அவர் சொன்னது பிற்பகல் இரண்டு மணியை. ஆறு மணி நேரம் காத்திருந்து சலித்து அந்த வீட்டார் படுக்கப் போகும் நேரம். ஆனாலும் அவருடைய மனைவி ஒரு சொல் பேசாமல் கரி அடுப்பை மறுபடி மூட்டி, பச்சைக் காப்பிக் கொட்டையைக் கழுவி, எங்கள் கண் முன்னேயே வறுத்து, புகையை எங்கள் பக்கம் கையால் வீசி முகரச் செய்து, உரலில் இடித்து, கறுப்பு மண் குடத்தில் காய்ச்சினார். அங்கே காப்பி மூன்று சுற்று: அபோல், தோனா, பரக்கா. மூன்றாவது சுற்றைக் குடிக்காமல் எழுவது மரியாதை இல்லை. நாங்கள் வீடு திரும்பியபோது நள்ளிரவு நெருங்கிவிட்டது. விடியும்வரை இருவருக்கும் தூக்கம் வரவில்லை.

சர்க்கரை மட்டும் பெரும்பாடு. நம் ரேஷன் கடை போன்ற 'கெபெலே' கடையில் அளந்துதான் கொடுப்பார்கள். எத்தியோப்பிய நாட்காட்டியில் ஆண்டுக்குப் பதின்மூன்று மாதங்கள் என்றதும் பதின்மூன்று சம்பளம் என்று கணக்குப் போட்ட என் மனைவிக்கு, அந்தக் கடைசி மாதம் ஐந்தாறு நாள்தான், அதற்குத் தனிச் சம்பளமும் கிடையாது என்று தெரிந்தபோது வந்த வருத்தம் ஆறு ஆண்டுகளும் தீரவில்லை.

தூத்துக்குடி ஆசிரியை (மாலத்தீவு)

நாங்கள் இருந்தது ஒரு சிறு தீவு. அரை மணி நேரத்தில் சுற்றி நடந்துவிடலாம். வழிபாட்டுக்குரிய சிலைகளை அந்நாட்டுக்குள் கொண்டு போகக் கூடாது என்பது தெரியாமல் ஒரு சின்னப் பிள்ளையாரை எடுத்துப் போய்ச் சுங்கத்தில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போனோம். காய்கறி படகில் வரும். கடல் கொந்தளித்தால் வராது. சூரையும் தேங்காயும் கொண்டே மூன்று வேளையும் முடிந்துவிடும் நாட்கள் உண்டு. பக்கத்து வீட்டில் ஒரு மரத்தைக் காட்டி அந்தப் பாட்டி 'முரங்கா' என்றதும் என் கணவர் வேலியைத் தாண்டாத குறையாக ஓடினார். தீவில் யார் வீட்டில் என்ன சமையல் என்பது எல்லாருக்கும் தெரியும். காலை முதல் வகுப்பிலேயே மாணவர்கள், 'மிஸ், நேற்று இரவு ஏன் விளக்கு வெகுநேரம் எரிந்தது?' என்று ஆங்கிலத்தில் கேட்பார்கள். வாக்கியம் சரியாக இருந்தால் பதில் சொல்லிவிடுவேன்.

பாளையங்கோட்டை ஆசிரியை மீண்டும்

மதுரை ஐயா எழுதியதைப் படித்ததும் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. இரண்டாம் ஆண்டில் ஒருநாள், வீட்டுப்பாட நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது என் மேசையில் மளிகைச் சீட்டு திறந்து கிடந்தது. பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் குனிந்து அதையே பார்த்தான். 'வெங்காயம்' என்ற சொல்லின் முதல் எழுத்தில் விரலை வைத்து, இது எகர ஒலியா என்று கேட்டான். எனக்கு வியப்பாக இருந்தது. தாய்லாந்து எழுத்திலும் எகரக் குறி, நம் கொம்பைப் போலவே, மெய்யெழுத்துக்கு முன்னால்தான் நிற்கும். எழுதும்போது முன்னால், ஒலிக்கும்போது பின்னால். 'டீச்சர், நீங்களும் முன்னாலேயே போடுகிறீர்கள்' என்று சொல்லிவிட்டு, தன் பெயரைத் தமிழில் எழுதிக் காட்டச் சொன்னான். அவன் தோளுக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் தங்கள் நோட்டுகளை நீட்டிக்கொண்டு நின்றார்கள். ஐந்து பெயர்களையும் எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. அவன் வீட்டுப்பாடம் கொண்டுவரவில்லை என்பது எனக்கு மறுநாள்தான் நினைவுக்கு வந்தது.