ஆஃப்செட்: 'எதிரீடு' சரிவருமா?

அன்பு நண்பர்களே,

ராணுவத் தளவாடக் கொள்முதலில் வரும் ஆஃப்செட் (offset) என்பதற்குத் தமிழ்ச் சொல்லாக 'இழப்பீடு' போதும் என்று நம் குழுவில் ஒரு ஐயா எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. இங்கே யாரும் எதையும் இழக்கவில்லையே. வெளிநாட்டு நிறுவனம் நமக்கு விமானம் விற்கிறது. விலையில் ஒரு பங்கு அளவுக்கு அது இந்தியாவில் உதிரிபாகம் வாங்க வேண்டும், இல்லை முதலீடு போட வேண்டும், இல்லை தொழில்நுட்பம் தர வேண்டும். 2005-இல் இந்த விதி வந்தபோது 300 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட கொள்முதலுக்கு 30 சதவீதம். 2016-இல் வரம்பை 2,000 கோடியாக உயர்த்தினார்கள். அதே ஆண்டு கையெழுத்தான 36 ரஃபேல் விமானங்களுக்கு 50 சதவீதம்.

ஆஃப்செட் என்றே விடலாம் என்பவர்களுக்கு: நம் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் சிவகாசி அச்சகம்தான் நினைவுக்கு வரும். ரஃபேல் விவாதம் சூடாக நடந்தபோது, செய்தி படித்த எத்தனையோ பேருக்கு இந்த இடம் புரியாமலே போனது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வேறு சொற்களையும் யோசித்தேன். 'எதிர்க்கொள்முதல்' வாங்குவதை மட்டும் குறிக்கும். முதலீடும் தொழில்நுட்பமும் வெளியே நின்றுவிடும். 'பதிலீடு' இறக்குமதிப் பதிலீட்டுக்கு (இறக்குமதிக்குப் பதில் உள்நாட்டிலேயே செய்வது) ஏற்கெனவே போய்விட்டது. 'கைம்மாறு' மிக அழகான சொல், ஆனால் அது நன்றியால் செய்வது. இது செய்யாவிட்டால் அபராதம் விழும் கட்டாயம்.

என் பரிந்துரை 'எதிரீடு'. 'எதிர்' என்றால் பகை போல ஒலிக்கிறதே என்று குழுவில் ஒரு அம்மா கேட்டிருந்தார். வந்த சீருக்குப் பதிலாக வைப்பதை எதிர்சீர் என்கிறோமே, அந்த 'எதிர்'தான் இது. கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன: எதிரீட்டு ஒப்பந்தம், எதிரீட்டுப் பங்காளி, எதிரீட்டுக் கடப்பாடு.

இதில் 'கடப்பாடு' முக்கியம். 2018 மார்ச் வரை கையெழுத்தான 46 ஒப்பந்தங்களின் எதிரீட்டு மதிப்பு 66,427 கோடி ரூபாய் என்றும், அந்த ஆண்டு முடிவதற்குள் நிறைவேற்றியிருக்க வேண்டியதில் 59 சதவீதத்துக்குத்தான் நிறுவனங்கள் கணக்குக் காட்டின என்றும் சிஏஜி (அரசின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் தலைமைத் தணிக்கையர்) அறிக்கை சொல்கிறது. ஒப்புக்கொண்டது வேறு, செய்தது வேறு. 'எதிரீடு' என்று மட்டும் எழுதினால் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். அதனால் ஒப்புக்கொண்டதற்கு 'எதிரீட்டுக் கடப்பாடு', செய்து முடித்ததற்கு 'எதிரீட்டு நிறைவேற்றம்' என்று பிரித்து எழுதலாம்.

அப்புறம் ஒன்று. கடப்பாட்டுக்கு மேல் செய்த வேலையை அடுத்த ஒப்பந்தத்துக்காகச் சேர்த்து வைக்கும் வசதி உண்டு. அதற்கு 'எதிரீட்டு இருப்பு' பொருந்துமா, 'வைப்பு' பொருந்துமா? வங்கித் துறை நண்பர்கள் சொல்லுங்கள்.