புதுப்பிப்பு: சைவ ஸ்டூவில் இறைச்சிச் சுவை கிடைத்துவிட்டது

காய்கறி ஸ்டூ எவ்வளவு கொதித்தாலும் தண்ணியாகவே ருசிக்கிறது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வேலை செய்தது, உலர்ந்த ஷிடாகே காளானையும் கொம்பு (kombu) என்ற ஜப்பானியக் கடற்பாசியையும் சேர்த்துப் போடச் சொன்ன யோசனை. கொம்புவில் குளுட்டமேட், உலர் ஷிடாகேயில் குவானிலேட்; இரண்டுமே இறைச்சி போன்ற ஆழ்ந்த சுவை தரும் பொருள்கள். இரண்டும் சேரும்போது சுவை பல மடங்கு ஏறுகிறது. ஒன்றை மட்டும் இரட்டிப்பாக்கினால் அந்த ஆழம் வராது.

அளவு: 1 லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் ஷிடாகே, 10 கிராம் கொம்பு. ஃபிரிட்ஜில் இரவு முழுக்க ஊறவிட்டு, மறுநாள் சிறு தீயில் மெதுவாகச் சூடாக்கவும். 60–70 டிகிரியில்தான் குவானிலேட் நன்றாக உருவாகும், அதனால் அவசரம் கூடாது. ஓரத்தில் குமிழி கட்டத் தொடங்கியதும் கொம்புவை எடுத்துவிடுங்கள். கொதித்தால் வழவழப்பும் கசப்பும் இறங்கும்.

அடுத்து, 2 மேசைக்கரண்டி தக்காளி பேஸ்ட்டை எண்ணெயில் செங்கல் நிறம் வரும்வரை வதக்கியது. இதுவும் இங்கே சொன்னதுதான். வறுத்த வாசனை இதிலிருந்துதான் வருகிறது.

புகையூட்டிய மிளகாய்த்தூள் மணம் மட்டுமே தந்தது, நாக்கில் எதுவும் நிற்கவில்லை.

எதிர்பாராதது உப்பு. கொம்புவிலேயே உப்பு உண்டு. 1 மேசைக்கரண்டி சோயா சாஸும் சேர்ந்தபின் தனி உப்பு தேவைப்படவில்லை. சாறு வற்றிய பிறகு ருசி பார்த்தே உப்பு போடுங்கள். ஊறிய ஷிடாகேயின் தலைப்பகுதியை நறுக்கி ஸ்டூவிலேயே போடலாம். காம்பு நார்நாராக இருக்கும், வேண்டாம்.