இத்தாலியில் சிறு கடைகளில் பேச உதவும் சொற்றொடர்கள்

கேள்வி:
பொலோஞாவில் தங்கிப் படிக்கவிருக்கும் எனக்கு, பாலாடைக்கட்டி, பழம், பேருந்துச் சீட்டு போன்றவற்றை இத்தாலிய மொழியிலேயே கேட்டு வாங்கத் தேவையான சொற்றொடர்களைக் கூறுவீர்களா?

மறுமொழி 1:
கடைக்குள் நுழைந்ததும் 'புவோன்ஜோர்னோ' என்று வணக்கம் கூற மறவாதீர்கள். பிறகு, 'எனக்கு வேண்டும்' என்பதைப் பணிவாக உணர்த்தும் 'வொர்ரேய்' என்ற சொல்லுடன் தொடங்குங்கள். பாலாடைக்கட்டியை அங்கே 100 கிராமைக் குறிக்கும் 'எத்தோ' என்ற அளவில் கேட்பது வழக்கம் என்பதால், பார்மிஜானோ என்ற பாலாடைக்கட்டி வகையில் 200 கிராமுக்கு 'வொர்ரேய் தூயே எத்தி தி பார்மிஜானோ' என்று சொல்லலாம். வேறெதுவும் வேண்டாமெனில், 'இவ்வளவு போதும், நன்றி' எனப் பொருள்படும் 'பாஸ்தா கொசி, கிராட்ஸியே' என்று முடியுங்கள்.

மறுமொழி 2:
விலையறிய 'குவாந்தோ கோஸ்தா?' என்றும், அட்டையில் செலுத்த 'போஸ்ஸோ பகாரே கொன் லா கார்த்தா?' என்றும் கேளுங்கள். பழக்கடையில் நீங்களே தொட்டு எடுக்காமல், கடைக்காரரிடம் சொல்லி எடுத்துத் தரச் செய்வதே அங்கு மரியாதை. இதை அன்புடன் வலியுறுத்துகிறேன்.

மறுமொழி 3:
பேருந்துச் சீட்டு 'தபாக்கி' எனப்படும் புகையிலைக் கடைகளிலும் கிடைக்கும். 'ஊன் பில்லியெத்தோ, பெர் ஃபவோரே' என்றால் போதும்.