பால்வீதிப் படங்கள் மலையில் போகப்போக மங்குகின்றன, கடற்கரையில் முதலிலேயே மங்குகின்றன: லென்ஸ் கோளாறா?

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். விடுமுறைப் பயணங்களின்போது இரவு வானத்தைப் படமெடுத்துப் பழகி வருகிறேன். பிப்ரவரி இறுதியில், அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில், கொடைக்கானல் மேல்மலையிலுள்ள மன்னவனூரில் அதிகாலை மூன்றரை மணிக்குப் பால்வீதியின் மையப் பகுதியை எடுக்கத் தொடங்கினேன். ஏபிஎஸ்-சி (முழுச் சட்டகத்தைவிடச் சிறிய) சென்சார் கொண்ட கேமரா. அதனுடன் வந்த 18-55 லென்ஸை 18 மில்லிமீட்டரில் வைத்து எஃப் 3.5, 15 நொடி, ஐஎஸ்ஓ 3200 என்ற அமைப்பில் எடுத்தேன். தொடக்கப் படங்களில் விருச்சிகத்தின் கேட்டை விண்மீன் ஊசிமுனைபோலத் தெளிவாக இருக்கிறது. நாலரை மணிப் படங்களில் அதைச் சுற்றி ஒளிவட்டம் தெரிகிறது. ஐந்து மணிக்கோ பால்வீதியே வெண்மையாகக் கரைந்துவிட்டது. இடையில் எந்த அமைப்பையும் மாற்றவில்லை, முக்காலியையும் தொடவில்லை.

ஏப்ரலில் தரங்கம்பாடியில் இதற்கு நேர்மாறாக நடந்தது. நள்ளிரவு ஒரு மணிக்கு விடுதி அறையிலிருந்து கடற்கரைக்கு வந்ததும் எடுத்த முதல் படமே மங்கலாக இருந்தது. அரை மணி நேரம் கழித்து எடுத்தவை தாமாகவே தெளிந்துவிட்டன. கடைக்காரர் ஒருவர் லென்ஸை மாற்றச் சொல்கிறார். அது தேவைதானா?

மறுமொழி 1:

நண்பரே, எனக்கு இது ஃபோகஸ் சிக்கலாகத்தான் தோன்றுகிறது. கேமராவுடன் வரும் லென்ஸ்கள் பலவற்றில் தொலைவு அளவுகோலே இருப்பதில்லை. ஆட்டோ ஃபோகஸ் இருட்டில் தடுமாறும். லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில் தெரியும் நேரடிக் காட்சியில்) பிரகாசமான ஒரு விண்மீனை 10 மடங்கு பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் வரை கையால் திருப்பிப் பாருங்கள். முக்காலியில் வைத்திருக்கும்போது லென்ஸின் அதிர்வுத் தடுப்பையும் நிறுத்திவிடுங்கள்.

மறுமொழி 2:

மேலே சொன்னவை நல்ல பழக்கங்களே. ஆனால் இவருடைய கோளாறு அதுவன்று. ஃபோகஸ் தவறியிருந்தால் முதல் படத்திலிருந்தே விண்மீன்கள் அனைத்தும் ஒரே சீராகத் தட்டையான வட்டுகளாகத் தெரிந்திருக்கும். புவிச் சுழற்சி காரணம் என்றால் அவை ஒரே திசையில் கோடுகளாக நீண்டிருக்கும். விண்மீன்கள் கோடாகாமல் எடுக்கக்கூடிய நேரத்தைக் கணிக்கும் ‘500 விதி’யின்படி, 500 என்ற எண்ணை 18-ஆலும் சென்சாருக்குரிய 1.5-ஆலும் வகுத்தால் ஏறத்தாழ 18 நொடி வருவதால், 15 நொடி அந்த வரம்புக்கு உட்பட்டதே. மெல்லிய மேகமாக இருந்தால் படத்துக்குப் படம் இடம் மாறியிருக்கும். பிரகாசமான விண்மீன்களைச் சுற்றி மட்டும் வட்டம் தோன்றி, பிறகு நிமிடத்துக்கு நிமிடம் அது வளர்ந்துகொண்டே போவது லென்ஸின் முன் கண்ணாடியில் பனி படிவதன் அடையாளம்.

மேகமற்ற இரவில் வானத்தை நோக்கியிருக்கும் கண்ணாடி தன் வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டே இருப்பதால், சுற்றியுள்ள காற்றைவிடச் சற்றுக் கூடுதலாகவே குளிர்ந்துவிடும். காற்று 8 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 90 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், நீர் படியத் தொடங்கும் பனிநிலை ஏறத்தாழ ஆறரை டிகிரி. அதாவது கண்ணாடி ஒன்றரை டிகிரி இறங்கினாலே போதும். வானம் எவ்வளவுக்கு எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ அவ்வளவுக்கு இந்தத் தொல்லையும் கூடும் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

தரங்கம்பாடியிலும் காரணம் இதுவே. கண்ணாடியைக் குளிர்வித்தது மட்டும் வானமன்று, உங்கள் அறையின் ஏசி. வெளியே 28 டிகிரியும் 85 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால் பனிநிலை 25 டிகிரியை எட்டிவிடும். 22 டிகிரி அறையிலிருந்து வந்த லென்ஸ், ஏசி பேருந்திலிருந்து இறங்குபவரின் மூக்குக்கண்ணாடியைப் போல உடனே மூடிக்கொள்ளும். காற்றின் சூட்டுக்கு வந்ததும் தெளிந்துவிடும். லென்ஸை மாற்றவே வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:

விளக்கத்துக்கு நன்றி. அப்படியானால் மலையில் அவ்வப்போது துணியால் துடைத்துக்கொண்டே எடுக்கலாமா?

மறுமொழி 2:

வேண்டாம். குளிர்ந்த கண்ணாடியைத் துடைத்தால் சில நிமிடங்களில் மறுபடியும் படியும். இருட்டில் கை பட்டு ஃபோகஸ் நகர்ந்துவிடவும் கூடும். யுஎஸ்பியில் இயங்கும் வெப்பப் பட்டையை லென்ஸின் முன்பகுதியில், ஃபோகஸ் வளையத்தின்மேல் அமராதபடி சுற்றுங்கள். பனி படிந்த பிறகு போடுவதைவிட, தொடக்கத்திலேயே குறைந்த வெப்பத்தில் போட்டுவிடுவது மேல். பட்டை சூடேறிக் கால் மணி நேரம் கழிந்த பிறகே ஃபோகஸ் செய்யுங்கள். லென்ஸின் வெப்பநிலை மாறினால் ஃபோகஸும் சற்று இடம்பெயரும். 5 வாட் இழுக்கும் பட்டைக்கு 10,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க் ஐந்து மணி நேரத்துக்கு மேல் தாங்கும். ஹுட் (லென்ஸின் முன்னால் மாட்டும் வளைய மறைப்பு) மாட்டினால் பனி படிவது தாமதப்படும். ஆனால் அது மட்டும் போதாது.

மறுமொழி 3:

கடற்கரைக்கு என் பங்காக இரண்டு செய்திகள். புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கேமராவைப் பையோடு மூடி, ஏசி இல்லாத இடத்தில் வைத்துவிடுங்கள். பையைத் திறக்காமல் வைப்பது முக்கியம். அடுத்து, கடற்காற்றில் வரும் உப்பு. அது கண்ணாடியில் உலர்ந்து துகளாகியிருக்கும்போது துணியால் தேய்த்தால் மேற்பூச்சில் கீறல் விழும். முதலில் ப்ளோயரால் ஊதிவிட்டு, காய்ச்சி வடித்த நீரில் நனைத்த மென்துணியால் ஒற்றி எடுத்து, அதன் பிறகே லென்ஸ் திரவத்தைப் பயன்படுத்துங்கள். யுவி ஃபில்டர் சாரலைத் தடுக்கும் என்பதால் நடந்து போகும்போது இருக்கட்டும். படமெடுக்கும்போது கழற்றிவிடுவதே நல்லது, ஏனெனில் அதன்மேலும் பனி படியத்தான் செய்யும்.

நம் பகுதியில் பால்வீதியின் மையம் கிழக்கிலிருந்து ஏறத்தாழ 30 பாகை தெற்கே உதித்து, உச்சத்தில் 50 பாகை உயரம் வரை ஏறும். ஏப்ரல் நடுவில் நள்ளிரவு ஒரு மணிக்கு அது கடலுக்கு மேல் ஏறத்தாழ 27 பாகை உயரத்தில்தான் இருக்கும். மூன்று மணிக்கு மேல் எடுத்தால், லென்ஸும் தெளிந்திருக்கும், மையமும் அடிவான மூட்டத்துக்கு இன்னும் மேலே ஏறியிருக்கும். படகுகளின் விளக்கொளி அடிவானத்தில் வெளுப்பாகப் பதிவதையும் அந்த உயரம் ஓரளவு தவிர்க்கும்.

கேள்வி கேட்டவர்:

நேற்றிரவு வீட்டு மொட்டைமாடியிலேயே சோதித்துப் பார்த்தேன். ஏசி அறையிலிருந்து நேராக எடுத்துவந்தபோது முன் கண்ணாடி முழுதும் டார்ச் ஒளியில் வெண்படலமாகத் தெரிந்தது. மூடிய பையில் வெளிச்சூட்டுக்கு வரவிட்டு எடுத்துவந்தபோது படலமே இல்லை. வெப்பப் பட்டைக்குச் சொல்லிவிட்டேன். மலையில் படமெடுத்து முடித்துக் கணப்பு மூட்டிய அறைக்குள் திரும்பும்போது என்ன செய்ய வேண்டும்?

மறுமொழி 2:

அறைக்குள் நுழையும் முன்பே, வெளியில் வைத்தே, கேமராவை ஜிப் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடிவிடுங்கள். நீர் பையின் வெளிப்புறத்தில் படியும், கேமராவில் படியாது. இரண்டு மணி நேரமாவது திறக்க வேண்டாம். படங்களை உடனே பார்க்க வேண்டுமென்றால், மூடுவதற்கு முன் மெமரி கார்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்குத் திரும்பியதும் லென்ஸைச் சிலிக்கா ஜெல்லுடன் டப்பாவில் வையுங்கள். ஈரத்தோடு பையில் கிடந்தால் அடுத்து வரும் கேள்வி பூஞ்சையைப் பற்றியதாக இருக்கும்.