பர்மாத் தமிழர்களே, சின்ன வயசு ஆட்டத்தைப் பெரியவங்களாகி மறுபடி ஆடினப்ப நடந்ததுல, மனசை விட்டுப் போகாத ஒண்ணைச் சொல்லுங்க

பெகு பேரன், ரங்கூன்

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தோம். அறுப்பு முடிஞ்ச வயல், தாள் காஞ்சு கிடந்துச்சு. மச்சான் கொய்யாக் கிளையை வெட்டி கிட்டியும் புள்ளும் சீவிட்டான். நாற்பதைத் தாண்டின ஆளுங்க கைலியை மடிச்சுக் கட்டிட்டு இறங்கிட்டோம். ஆட்டம் எப்படின்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என் முறை. புள்ளோட மூக்குல தட்டினேன். இடுப்பு உயரத்துக்கு எழும்பிச் சுத்துச்சு. அந்தரத்துலயே வச்சு ஒரு அடி. விர்ருன்னு வரப்பைத் தாண்டி, அதுக்கு அடுத்த வரப்பையும் தாண்டிப் போயிடுச்சு. சின்ன வயசுலகூட நான் அப்படி அடிச்சதில்லை. உள்ளங்கை எரியுது. திரும்பினா மகன் போனைப் பார்த்துக்கிட்டே சொல்றான்: "அப்பா, ரெகார்டு ஆகலை. அதே மாதிரி இன்னொரு தடவை அடிங்க."

அடிச்சேன். காலடியிலேயே விழுந்துச்சு. மறுபடி, மறுபடி. கடைசியில சுமாரா ஒண்ணு போச்சு, அதைத்தான் குடும்ப குரூப்ல போட்டான். எல்லாரும் பாராட்டினாங்க. முதல் அடியை அங்க வயல்ல நின்னவங்களைத் தவிர யாரும் பார்க்கலை. மகன் மேல கோபம் இல்லை. ஆனா இன்னும் உறுத்துது.

தட்டோன் மருமகள்

எங்க வீட்டுக்காரரோட அப்பாயிக்கு எண்பது தாண்டியாச்சு. பல்லாங்குழிப் பலகையை எப்பவோ கரையான் தின்னுட்டுது. என் மகள் போன்ல பல்லாங்குழி இறக்கிக் குடுத்தா. குழியைத் தொட்டதும் முத்தெல்லாம் தானா ஓடி ஓடி விழுது. "நான் போடலையே, அது ஏன் போடுது?"ன்னாங்க அப்பாயி.

கைக்காய் தீர்ந்து, அடுத்தது வெறுங்குழி. அப்ப நம்ம கை என்ன செய்யும்? அந்தக் குழியைத் துடைச்சிட்டு அதுக்கு அடுத்ததை அள்ளும். அப்பாயியும் துடைச்சாங்க, கண்ணாடி மேல. திரை வழுக்கி வேற எங்கேயோ போயிடுச்சு. சட்டுன்னு கையை மடிக்குள்ள இழுத்துக்கிட்டு, "உடைச்சிட்டனா ஆத்தா?"ன்னு கேட்டாங்க. இல்லை இல்லைன்னு எவ்வளவு சொல்லியும் நம்பலை. அந்த முகம் என்னைத் தூங்கவிட மாட்டேங்குது.

மறுநாள் கொல்லையில மண்ணை நனைச்சு, பக்கத்துக்கு ஏழு குழி தோண்டி, குழிக்கு அஞ்சு புளியங்கொட்டை போட்டேன். அள்ளினதை உள்ளங்கையில ஒரு குலுக்கு. எண்ணவே இல்லை, எங்க போய் முடியும்னு அவங்களுக்குத் தெரியுது. நாலு சேர்ந்ததும் "பசு!"ன்னு ஒரு சத்தம், காய் மடிக்குப் போயிடும். என் மகளுக்கு மிஞ்சினது ஒரு கைப்பிடி.

சாட்டைக்காரர், இன்செயின்

பெகு தம்பி, கோபம் இல்லைன்னு சொல்லாதீங்க, கோபப்படணும். ஆடுறதுக்காக ஆடணும், படத்துக்காக ஆடக் கூடாது. 2014-ல சிம் கார்டு 1500 ஜாட்டுக்கு (பர்மாப் பணம்) வந்துச்சு. அதுக்கு முந்தி லட்சக்கணக்குல விலை, வசதியுள்ளவங்க கையில மட்டும்தான் இருக்கும். அது வர்ற வரைக்கும் எங்க தெருவுல சாயங்காலமானா பம்பரம் சுத்தும். வந்த கொஞ்ச நாள்ல எல்லாம் நின்னுபோச்சு.

என் கதை சின்னது. எங்க அப்பா கடைஞ்சு குடுத்த பம்பரத்தை இவ்வளவு காலம் வச்சிருந்தேன். சிநேகிதன் கூப்பிட்டான்னு வட்டத்துல வச்சேன். அவன் ஆக்கர் போட்டு, அதாவது தன் பம்பரத்து ஆணியால குத்தி, ரெண்டாப் பிளந்துட்டான். ஆட்டத்துல அது நியாயம், அதனால வாயைத் திறக்க முடியலை. அவ்வளவுதான்.

இப்ப ஆடணும்னு நினைக்கிறவங்க கவனிங்க. பம்பரம் சுத்துற சாட்டைக்குப் பருத்திக் கயிறுதான் சரி, நைலான் வழுக்கும். நனைச்சு முறுக்கிக் காயவச்சு, ஒரு நுனியில முடிச்சுப் போடுங்க. ஆணிக்கிட்ட இருந்து மேல பார்த்து, இடைவெளி இல்லாம நெருக்கிச் சுத்தணும். ஆணி கோணலா இருந்தா எவ்வளவு கெட்டிக்காரன் விட்டாலும் பம்பரம் தலையாட்டும், முதல்ல அதை நிமிர்த்துங்க. கிட்டிப்புள் ஆடுறவங்க புள்ளைக் கூராச் சீவாதீங்க, மழுங்கலா விடுங்க. பிடிக்க நிக்கிறவங்க கண்ணை மறந்துடாதீங்க. சின்னப் பிள்ளைங்க அடிக்கிறவனுக்குப் பின்னால நல்லாத் தள்ளி நிக்கட்டும். ரொம்பக் காஞ்ச கட்டை அடியில வெடிச்சுச் சிதறும். வயசானவங்க எடுத்த எடுப்புல ஓங்கி அடிச்சா தோள்பட்டை பிடிச்சுக்கும், சும்மா கையை வீசிப் பழகிட்டு அப்புறம் அடிங்க. நொண்டி ஆடுறவங்க செருப்பைக் கழட்டிட்டு ஆடுங்க.

மோல்மீன் கடைக்காரன்

இன்செயின் அண்ணே, எல்லாத்தையும் போன் மேல போடுறதை என்னால ஏத்துக்க முடியலை. எங்க தெருவுல பையன்கள் போனை ஓரமா வச்சிட்டுத்தான் சின்லோன் ஆடினாங்க, வட்டமா நின்னு பந்தைக் கீழ விழாம காலால தட்டுற பர்மிய ஆட்டம்.

ஒரு நாள் கடையைப் பூட்டிட்டுப் போறேன். "ஊலே (மாமா), வாங்க"ன்னு கூப்பிட்டாங்க. ஒரு ஆள் குறைச்சல். பிரம்புப் பந்து புறங்காலில பட்டு டொக்குன்னு கேட்டதும் கால் தானா பழசை எடுத்துக்கிச்சு. கொஞ்ச நேரத்துல என்னை நடுவுல நிறுத்திட்டாங்க. சின்லோன்ல எதிராளி கிடையாது, சுத்தி நிக்கிற அஞ்சு பேரும் நடுவுல உள்ளவனுக்காகத்தான் ஆடுவாங்க. என் முட்டிக்கு வாகான உயரத்துல, மெதுவா, ஒவ்வொண்ணா தட்டிக் குடுத்தாங்க. பந்து விழுந்தா யாரும் ஒண்ணும் சொல்றதில்லை, எடுத்து மறுபடி ஆரம்பிப்பாங்க. 2013-ல நேபிடோவுல நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில இதுக்குப் பதக்கமே குடுத்தாங்க. அங்க ஆடினவங்களைக்கூட நான் அவ்வளவு பெரிசா நினைக்கலை, இந்தப் பையன்களை நினைக்கிறேன்.

2024 பிப்ரவரியில கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமல்படுத்தினாங்க. 18 வயசுல இருந்து 35 வரைக்கும் ஆம்பளைப் பிள்ளைங்க எல்லாரும் அதுக்குள்ள வர்றாங்க. அந்தப் பையன்கள்ல பாதிப் பேர் எல்லை தாண்டித் தாய்லாந்துக்குப் போயிட்டாங்க. மத்தவங்க சாயங்காலம் வெளியில வர்றதில்லை. தெரு ஏன் காலியாச்சுன்னு கேட்டா நான் இதைத்தான் சொல்வேன்.

மாண்டலே தங்கச்சி

எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சு யோசிச்சு எழுதுறேன். 2025 மார்ச் 28, 7.7 அளவு நிலநடுக்கம். அன்னைக்கு ராத்திரி கரண்டும் இல்லை, போனும் எடுக்கலை. தெரு முழுக்க நடுரோட்டுல பாய் விரிச்சுக் கிடந்தோம். திரும்பத் திரும்ப ஆடிக்கிட்டே இருந்துச்சு. பிள்ளைங்க நடுங்குதுங்க. அவங்க நினைப்பை மாத்தணும்னு, உடைஞ்ச செங்கல்லை எடுத்து நொண்டிக் கட்டம் கிழிச்சேன். பிள்ளைங்களுக்காக நான் தாவினேன், அப்புறம் பக்கத்து வீட்டு அக்கா, அப்புறம் ஆம்பளைங்களும். யாரோ சிரிச்சாங்க. எல்லாரும் சிரிச்சிட்டோம்.

எதிர்வரிசை பர்மாக்காரம்மா எங்களையே பார்த்துட்டு இருந்தாங்க. அவங்க வீட்டுக்காரர் இடிஞ்ச கட்டடத்துக்குள்ள, அதுவரைக்கும் ஒரு தகவலும் இல்லை. அவங்க எழுந்து வந்தாங்க. திட்டப்போறாங்கன்னு எனக்குக் கை கால் ஆடிப்போச்சு. என் காலைக் காட்டி, "கோட்டை மிதிச்சிட்டே"ன்னு பர்மியத்துல சொல்லிட்டு, திரும்பிப் போய் உட்கார்ந்துட்டாங்க.

அந்த ராத்திரி நாங்க சிரிச்சது சரியா?

தட்டோன் மருமகள்

சரிதான் தங்கச்சி. பிள்ளைங்க நடுங்கிட்டு இருக்கும்போது வேற என்ன செய்ய முடியும்? அந்தம்மா வீட்டுக்காரர் கிடைச்சாரா?

மாண்டலே தங்கச்சி

தெரியலைக்கா. விடிஞ்சதும் நாங்க மலை ஊரான மேமியோவுக்குப் போயிட்டோம். திரும்பி வந்தப்ப அந்த வரிசையையே இடிச்சுத் தள்ளிட்டாங்க.

சாட்டைக்காரர், இன்செயின்

மோல்மீன் தம்பி, எங்க தெருப் பையன்களும் போனவங்கதான், என் பேரனும் தாய்லாந்து எல்லை ஊரான மே சோட்ல இருக்கான். ஆனா எங்க தெருவுல பம்பரம் நின்னது அதுக்குப் பத்து வருஷம் முந்தி. நான் சொன்னதுல மாத்தம் இல்லை.

மாண்டலே தங்கச்சி, பிள்ளைங்களோட திரும்ப ஆடுங்க. சில்லுக்கு ஓட்டுத் துண்டு வேண்டாம், விளிம்பு பாதத்தைக் கிழிச்சிடும். ஆத்துல கிடைக்கிற தட்டைக் கல்லா எடுத்துக்கோங்க.