எடை கூடிய டாங்கி நகர, எடை குறைந்தது சேற்றில் புதைவது ஏன்?

ஓமலூர் வாசகர்:
ஏரிப் பாசன வயலில் சேற்றுழவுக்கு இறக்கும் எங்கள் டிராக்டர், கேஜ் வீல் (அகலமான இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டாவிட்டால் அச்சுவரை இறங்கி நின்றுவிடுகிறது. 1941 அக்டோபர் மழையில் மாஸ்கோவை நோக்கிச் சென்ற ஜெர்மானிய டாங்கிகள் திணறிய அதே சேற்றில், அவற்றுள் பலவற்றைவிட எடை மிகுந்த சோவியத் டி-34 எவ்வாறு நகர்ந்தது? டாங்கிகள் ஆற்றைக் கடக்கும் முறையையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஆத்தூர் பொறியாளர்:
உங்கள் கேஜ் வீல் செய்யும் வேலையைத்தான் அங்கே அகலமான சங்கிலிப் பட்டை செய்தது. டி-34 சுமார் 26 டன் எடை கொண்டது என்றாலும், அதன் பட்டை ஏறத்தாழ 55 செ.மீ. அகலம் இருந்ததால், ஒரு சதுர செ.மீ. நிலத்தின்மேல் சுமார் 0.7 கிலோ அழுத்தமே விழுந்தது. 20 டன்னைச் சற்றே தாண்டும் ஜெர்மானிய பான்சர்-3 டாங்கியின் பட்டையோ 40 செ.மீ.க்கு மேற்படவில்லை, அதனால் அழுத்தம் 0.9 கிலோவைத் தாண்டியது. எனினும் எந்த டாங்கியானாலும் அடித்தட்டு சேற்றில் படிந்துவிட்டால் பட்டை வீணாகச் சுழலும். எரிபொருள் கொண்டுவரும் லாரிகள் பின்னால் புதைந்துபோனதும் ஜெர்மானியரின் முன்னேற்றத்தைப் பெரிதும் முடக்கியது.

சேலம், முன்னாள் படைவீரர்:
நம் நாட்டிலேயே சான்று உண்டு, தம்பி. 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தரில் நம் படையினர் கால்வாய்க் கரையை உடைத்துக் கரும்பு வயல்களில் நீரைப் பாய்ச்சியதால், 40 டன்னுக்கு மேற்பட்ட பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள் அந்தச் சேற்றில் சிக்கி நம் பீரங்கிகளுக்கு இலக்காயின.

ஆற்றைக் கடக்க இரண்டு வழிகள் உண்டு. மிதக்கும் வகையைச் சேர்ந்த பிடி-76, 14 டன் எடையுடன் நீரைப் பின்னோக்கிப் பீய்ச்சி நீந்தும். ஆனால் 1971 போரில் இன்றைய வங்கதேசத்தின் மேக்னா ஆற்றைக் கடந்தபோது நெடுநேரம் நீந்தியதால் அவற்றின் இன்ஜின்கள் சூடேறின. ஆவடியில் தயாரான டி-72 நீந்தாது. மூச்சுக்குழாய் பொருத்திக்கொண்டு, 5 மீட்டர் ஆழம்வரை ஆற்றின் அடியிலேயே ஊர்ந்து செல்லும். நீர் தூக்குவதால் பட்டையின் பிடிமானம் அப்போது குறையும் என்பதால், ஆற்றடி உறுதியானதா என்று முன்கூட்டியே சோதித்தாக வேண்டும்.

ஓமலூர் வாசகர்:
மிக்க நன்றி, ஐயா. அக்கரை வழுக்கும் களிமண்ணாக இருந்தால் என்ன செய்வார்கள்?

சேலம், முன்னாள் படைவீரர்:
சரிவைக் குறைக்கக் கரையை வெட்டி, அதன்மேல் உலோகப் பாய் விரிப்பார்கள். அதற்கும் வாய்ப்பில்லையெனில் பாலம் போடும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.